சின்னத்துக்குப் பின்னால் நிற்கிற ஆள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலையின் நாலு பக்கமிருந்தும் வந்திருக்கிற பெரியோரே, வணக்கம்.

"மாகாண சபைத் தேர்தலில் கட்சியைப் பார்த்துப் போடுங்கள், தனி ஆளால் ஒன்றும் வெட்டிப் பிடுங்க முடியாது" என்றார் எதிரணித் தலைவர். ஆளைப் பார்த்துப் போடுங்கள் என்பது எங்கள் அணி. சரி, இலங்கையில் நம்முடைய கிழக்கு மாகாண சபையையே எடுப்போம். 2012 செப்டெம்பரில் 37 பேர் தெரிவானார்கள். எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. முதலில் நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சர். 2015 பெப்ரவரியில் கட்சிகளின் கூட்டு மாறி, அதே சபையில் ஹாபிஸ் நசீர் அஹமட் முதலமைச்சர். நடுவில் தேர்தலே நடக்கவில்லை. கூட்டு மாறியதைக் குறை சொல்ல நான் வரவில்லை, சபை ஓட வேண்டுமே. ஆனால் கூட்டுகள் மாறியபோதும் கதிரையில் இருந்தவர்கள் நாம் அனுப்பிய அதே ஆட்கள்தான்.

அந்தத் தேர்தலில் சின்னத்துக்குப் புள்ளடி போட்ட பிறகு அந்தக் கட்சியின் பட்டியலில் நமக்குப் பிடித்த ஆட்களுக்கு மூன்று விருப்பு வாக்கும் போட்டோமே. கட்சி மட்டும் போதுமென்றால் அந்த மூன்றும் எதற்கு?

அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் மாகாணத்துக்குக் கொடுத்தவை பள்ளிக்கூடம், கிராமிய வைத்தியசாலை, உள்ளூர் வீதி, விவசாயம். ஊருக்குள் நடந்து பார்க்காமல் இவற்றில் எது கோளாறு என்று தெரியாது.

மூதூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருக்கிறார். கக்கத்தில் எப்போதும் ஒரு கொப்பி. எந்தப் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை, கடிதம் எப்போது போனது, எல்லாம் அதில் இருக்கும். காரியம் முடிந்தால் சிவப்புக் கோடு. நான் புரட்டிப் பார்த்தேன். சிவப்பு குறைவுதான். ஆனால் கோடு விழாத ஒவ்வொன்றின் கீழும் இரண்டாவது கடிதத்தின் திகதி, மூன்றாவதின் திகதி. அவருக்குச் சம்பளமும் இல்லை, வாகனமும் இல்லை. நடுவர் அவர்களே, வேட்பாளர் என்றால் எனக்கு அந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். அவரைக் கட்சி நிறுத்தட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்சி நிறுத்துகிற ஆளைத்தான் எடைபோடச் சொல்கிறேன்.

2017 செப்டெம்பர் 30 உடன் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் மாகாண நிர்வாகம் ஆளுநர் கையில். ஆக, இனி வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: பதவி இல்லாத இத்தனை வருடத்தில் எங்கள் ஊருக்கு எத்தனை தரம் வந்தீர்கள்? எதிரணி நண்பர்கள் தங்கள் வேட்பாளருக்காக இப்போதே எழுந்து பதில் சொல்லட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.