பத்து நாள் போய் என்ன செய்துவிட முடியும்?

நேயர்களுக்கு வணக்கம். குறுகிய கால மிஷன் பயணங்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பத்து நாள், இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு, குழுவாகக் கிளம்பி, வேறொரு இடத்தில் இருக்கிற சபைக்கோ ஊழியத்துக்கோ உதவப் போகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். இதெல்லாம் வீண் செலவு, படம் எடுத்துப் போடத்தான் போகிறார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை என்பதால் அதையே முதலில் பேசிவிடுகிறேன்.

1998-இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸ் நாட்டைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்துபோனார்கள். வீடு கட்டிக் கொடுக்க வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாகப் போனார்கள். அந்த நாட்டிலேயே வாழ்ந்துவந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர் பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். வெளியிலிருந்து வந்த குழு ஒரு வீடு கட்ட, விமான டிக்கெட் எல்லாம் சேர்த்துச் சராசரியாக 30,000 டாலர். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு கட்டினால் 2,000 டாலர். சரி, காசு அதிகம் போனாலும் அந்தக் குடும்பங்களின் வாழ்க்கையில் ஏதாவது கூடுதல் நன்மை வந்திருக்கும் என்று பார்த்தால், யார் கட்டிய வீடாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு 'அப்படியானால் போகவே வேண்டாம்' என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செங்கல் சுமக்க ஆள் அங்கேயே இருக்கிறார்கள், அதுவும் நம்மைவிட நன்றாகச் சுமப்பார்கள், கூலியும் அவர்களுக்குத் தேவை. ஆகவே செங்கலுக்காகப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

வேதத்தில் குறுகிய காலப் பயணம் இல்லாமல் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்கிற தீர்க்கதரிசி அறிவிக்கிறார், அந்தியோகியா சீஷர்கள் அவரவர் திராணிக்குத் தக்கபடி பணம் சேர்க்கிறார்கள், பர்னபாவும், பிறகு பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலும் அதை எடுத்துக்கொண்டு யூதேயாவுக்குப் போகிறார்கள். பணம் அங்கிருந்த சபை மூப்பர்களுக்கு அனுப்பப்பட்டது என்று எழுதியிருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று பங்கு போட்டுக் கொடுத்துப் பெயர் வாங்கிக்கொண்டு வந்தார்கள் என்று இல்லை. வேலை முடிந்ததும் திரும்பிவிட்டார்கள், வரும்போது மாற்கு என்கிற யோவானையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

நம்மில் பலருக்குப் பயணம் என்றாலே பவுல்தான் ஞாபகம் வருகிறார். எனக்கு எப்பாப்பிரோதீத்து வருகிறார். பிலிப்பி சபை கொடுத்தனுப்பியதைக் காவலில் இருந்த பவுலிடம் கொண்டுபோய்ச் சேர்த்து, அவருக்குத் துணையாக இருந்து, நடுவில் சாகக் கிடக்கிற அளவுக்கு நோயில் விழுந்து, பிழைத்து, ஊர் திரும்பியவர். அவர் பிரசங்கம் செய்ததாக ஒரு வரி கிடையாது. ஆனால் இப்படிப்பட்டவர்களைக் கனமாக எண்ணுங்கள் என்று பவுல் எழுதுகிறார்.

இப்போது ஒரு சின்ன சபையின் போதகரை யோசித்துப் பாருங்கள். ஊரில் எல்லாருடைய பாரமும் அவர் காதில்தான் விழும், அவருடைய பாரத்தைச் சொல்ல ஆள் இல்லை. சபை விசுவாசியிடம் சொன்னால் நாளைக்கே அது பேச்சாகிவிடும், மேலிடத்தில் சொன்னால் ஊழியத்துக்கே கேள்வி வரும். வெளியிலிருந்து வந்த, ஊழியம் தெரிந்த, பத்து நாளில் திரும்பிவிடுகிற ஒருவரிடம் அவர் பேசிவிடுவார். எல்லாரும் குறையாகச் சொல்கிற அந்தக் 'குறுகிய காலம்'தான் இந்த இடத்தில் வசதி. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, 'மூன்று வருஷமாக ஒருவர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை, நான் இங்கே இருக்கத்தான் வேண்டுமா தெரியவில்லை' என்கிற மாதிரி ஒரு வாக்கியம் வரும். அறிக்கையில் எழுத முடியாது அதை. கேட்டு, உடன் ஜெபித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஊருக்கு வர வேண்டும்.

அப்புறம் அவரவருக்குத் தெரிந்த தொழில். கணக்கர் ஒருவர் போய் சபைப் பொருளாளருக்கு வரவு செலவுப் புத்தகம் எழுதப் பழக்கலாம். நர்ஸ் போனால் அங்குள்ள சுகாதார ஊழியருக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கொடுக்கலாம், போகும்போது அந்தக் கருவியை விட்டுவிட்டு வரலாம். நாம் கிளம்பிய மறுநாளும் நடக்கிற வேலைதான் உருப்படியான வேலை. பிள்ளைகள் காப்பகத்துக்குப் போய் ஒரு வாரம் கொஞ்சிவிட்டு, அழ அழ விட்டுவிட்டு வருவது இந்தக் கணக்கில் வராது. அடுத்த மாதம் வேறொரு குழு வந்து அதையே செய்யும், அந்தப் பிள்ளை எத்தனை பேரிடம்தான் ஒட்டிப் பிரியும்?

செலவு என்றதும் டிக்கெட்டை மட்டும் பார்க்கிறோம். பதினைந்து பேருக்கு மூன்று வேளையும் சமைப்பது பெரும்பாலும் போதகரின் மனைவி. மொழிபெயர்ப்பது போதகர். அந்த இரண்டு வாரமும் வீடு சந்திப்பு, வேதபாடம் எல்லாம் நின்றுவிடும். யாரும் இதைக் கணக்கில் எழுதுவதில்லை.

அதனால் கிளம்புமுன் அங்கிருப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாங்கள் வருவதா, அல்லது இந்தப் பணத்தை அனுப்பிவிடுவதா, எது உங்களுக்கு உதவி? 'வாங்க, வாங்க' என்றுதான் முதலில் சொல்வார்கள், காணிக்கை கொடுக்கிற சபையிடம் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஆகவே இரண்டாம் முறையும் கேளுங்கள், வேறொருவர் மூலமாகவும் கேளுங்கள். 'இரண்டு பேர் வந்தால் போதும், ஒருவர் கணக்குத் தெரிந்தவராக இருக்கட்டும்' என்று பதில் வந்தால் இரண்டு பேரை அனுப்புங்கள். பெயர் கொடுத்த மீதிப் பேருக்கு வருத்தம் இருக்கும், அவர்கள் டிக்கெட் பணத்தை என்ன செய்வது என்று சபைக் கமிட்டியில் ஒரு சண்டையும் வரும். வரட்டும்.