வாங்கிய பொருள் நம் கையில் நிற்க வேண்டும்

வணக்கம் மக்களே. பினாங்கில் இப்போதுதான் மழை விட்டிருக்கிறது. பின்னால் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குப் புதுப் பொருள் எதையும் பெட்டி பிரித்துக் காட்டப் போவதில்லை. மேசையில் இருக்கும் இந்த வெள்ளைக் கன்ட்ரோலரைப் பாருங்கள். இது ஸ்டேடியா கன்ட்ரோலர். கூகுள் 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரி 18ஆம் தேதி மூடிவிட்ட கேம் சேவைக்காகச் செய்தது. அந்தச் சேவை மலேசியாவுக்கு வரவே இல்லை. நான் இதை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், அதுவும் சேவை மூடிய பிறகு. மூடிப்போன சேவையின் கன்ட்ரோலரை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஸ்டேடியாவில் கேம் உங்கள் வீட்டில் ஓடாது. கூகுளின் டேட்டா சென்டரில் ஓடும், படம் மட்டும் உங்கள் திரைக்கு வரும். இந்தக் கன்ட்ரோலர் டிவியோடும் பேசாது, மடிக்கணினியோடும் பேசாது. தானே வைஃபையைப் பிடித்து, நீங்கள் அழுத்தும் பட்டனை நேராக டேட்டா சென்டருக்கு அனுப்பும். தாமதத்தைக் குறைக்க நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பக்கம் சர்வரை நிறுத்திவிட்டால்? யூஎஸ்பி கம்பி செருகி விளையாடலாம், வயர்லெஸ் செத்துப் போகும். இத்தனைக்கும் உள்ளே புளூடூத் சிப் இருக்கிறது. அதைக் கன்ட்ரோலராகப் பயன்படுத்த முடியாதபடி மென்பொருளில் பூட்டி வைத்திருந்தார்கள்.

மூடும்போது கூகுள் ஒரு நல்ல காரியம் செய்தது. அந்தப் பூட்டைத் திறக்க ஓர் இணையப் பக்கம் போட்டார்கள். செயலி இல்லை, நிறுவ வேண்டிய மென்பொருள் இல்லை. குரோமில் பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோலரைக் கம்பியில் இணைத்து, அனுமதி கொடுத்து, அது சொல்லும் பட்டன்களை அழுத்தினால் போதுமாக இருந்தது. பிரவுசரே கன்ட்ரோலருக்குள் புது ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் இருக்கும் மென்பொருளை, எழுதிவிட்டது. வெப்யூஎஸ்பி, வெப்எச்ஐடி என்று பிரவுசரில் இருக்கும் வசதிகள் செய்கிற வேலை அது. என்னைப் போல வெப் டெவலப்பராக இருப்பவர்களுக்கு அதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நாங்கள் தினமும் எழுதுகிற அதே ஜாவாஸ்கிரிப்ட், குப்பைக்குப் போக இருந்த பொருளைக் காப்பாற்றியிருக்கிறது.

இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். நடுவில் இருக்கும் ஸ்டேடியா பட்டனையும் ஒய் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறேன். விளக்கு ஆரஞ்சு நிறத்தில் சிமிட்டுகிறதா? அவ்வளவுதான், இனி இது சாதாரண புளூடூத் கன்ட்ரோலர். கைப்பேசி, கணினி, எதோடும் சேரும். பட்டன்கள் எல்லாம் புதிது மாதிரி இருக்கின்றன. கேம் வாங்கியவர்களுக்குப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு சேவையை மூடுவதென்றால் குறைந்தபட்சம் இப்படி மூட வேண்டும்.

எல்லாரும் அப்படி மூடுவதில்லை. தி க்ரூ என்று ஒரு கார் பந்தய கேம், 2014 டிசம்பரில் யூபிசாஃப்ட் வெளியிட்டது. அமெரிக்காவையே சுருக்கி வரைந்து, கரைக்குக் கரை வண்டி ஓட்டிக்கொண்டு போகலாம். தனியாக விளையாடக் கதையும் உண்டு. ஆனால் தனியாக விளையாடினாலும் இணையத்தில் இருந்தாக வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். கடையில் காசு கொடுத்து டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்களும் உள்ளே போக முடியாது. வீட்டை விற்றுவிட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போனது போல இருக்கிறது.

ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் இதை எதிர்த்து 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தை ஆரம்பித்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் கோரிக்கைக்குக் கையெழுத்து 2025 ஜூலையில் பத்து லட்சத்தைத் தாண்டியது. கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. காலமெல்லாம் சர்வரை ஓட்டு என்று யாரும் சொல்லவில்லை. போகும்போது, வாங்கியவர் விளையாடும் நிலையில் கேமை விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். எனக்கு இதில் நூற்றுக்கு நூறு உடன்பாடு. தி க்ரூவின் அடுத்த இரண்டு கேம்களுக்கும் ஆஃப்லைன் முறை கொடுப்பதாக யூபிசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்தது. சத்தம் போட்டால் நடக்கிறது.

மொபைல் லெஜண்ட்ஸ் மாதிரி கேம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். பத்துப் பேர் மோதிக்கொள்ளும் ஆட்டத்துக்கு சர்வர் வேண்டும்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. தனியாக உட்கார்ந்து விளையாடும் கேமுக்கு எதற்கு? 1993இல் வந்த டூம் என்ற கேமைப் பாருங்கள். அதை எழுதியவர்கள் 1997இல் மூல நிரலையே, அதாவது கேமை எழுதிய கட்டளைகளையே, வெளியிட்டார்கள். இன்றைக்கு அது ஓடாத கருவி இல்லை.

அப்புறம் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2. கருவி அருமை. ஆனால் கேம்-கீ கார்டு என்று விற்கிறார்களே, அந்தக் கார்டுக்குள் கேம் இல்லை, இறக்கிக்கொள்ளும் அனுமதி மட்டும்தான் இருக்கிறது. தங்கள் பழைய கருவிகளான வீ யூ, த்ரீடிஎஸ் இரண்டின் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடியவர்கள் இவர்கள்தான். பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள், வேறென்ன சொல்ல.

சரி, நம் ஊருக்கு வருவோம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு இன்டெல் 1972இல் வந்தது. ஏஎம்டியும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. பழைய இன்டெல் சிப்கள் பலவற்றில் 'மலாய்' என்று பொறித்திருக்கும், மலேசியாவில் செய்தது என்று அர்த்தம். என் அத்தை அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிறை என்ற ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் இணைக்கும் வேலை. கம்பி கொஞ்சம் தள்ளிப் போனாலும் அந்தச் சிப் கழிவுதான். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் வெளிச்சத்தைப் பார்க்கவே கண் கூசும் என்பார். அவ்வளவு கவனமாகச் செய்த பொருள் ஐந்தாறு வருடத்தில் சாகாது. சிப்பைச் சாகடிப்பது பெரும்பாலும் மென்பொருள்தான்.

என் தங்கையின் மடிக்கணினியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் தலைமுறை கோர் ஐ5. திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டில் ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இந்தச் சிப்பை ஏற்காது, மைக்ரோசாஃப்டின் பட்டியல் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குப் பிறகு? தங்கை கடைக்குப் போனாள். "இது பழசு, புதுசு எடுத்துக்கோங்க" என்று சொல்லி மூவாயிரம் வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, ஒன்றை எடுத்து வைத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டேன், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். இப்போது அவள் பாடக் குறிப்பு தயாரிப்பது, ஜூமில் வகுப்பு எடுப்பது, எல்லாம் அதில்தான்.

லினக்ஸ் என்றதும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, தமிழில் தட்டச்சு செய்யலாமா என்பது. செய்யலாம். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் ஒலிப்புமுறையும் இருக்கிறது.

தமிழ் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும், இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோட் பரவுவதற்கு முன்னால் இணையத்தில் தமிழ் எழுதியவர்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதினார்கள். பத்திரிகைக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் பக்கம் முழுக்க விசித்திரமான லத்தீன் எழுத்துகளாகத் தெரியும். அதே காலத்தில் பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி, எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும், திஸ்கி என்ற ஒரு பொதுக் குறியீட்டு அட்டவணையை உருவாக்கி எல்லாருக்கும் வெளியிட்டார்கள். என்ன ஆயிற்று பாருங்கள். திஸ்கியில் எழுதிய பக்கத்தை இன்றைக்கும் ஒரு சொடுக்கில் யூனிகோடாக மாற்றிப் படிக்கலாம், ஏனென்றால் அட்டவணை எல்லாரிடமும் இருக்கிறது. அட்டவணை வெளியில் வராத எழுத்துருவில் எழுதியதை, யாராவது உட்கார்ந்து எழுத்தெழுத்தாகக் கண்டுபிடித்தால்தான் உண்டு. எத்தனை பேருடைய கட்டுரையும் கவிதையும் அப்படிக் கிடக்கிறதோ!

பிரவுசரில் கேமும் அசைபடமும் ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளும் அப்படித்தான். பட்டர்வொர்த்தில் பள்ளி விட்டதும் சிசிக்கு, அதாவது சைபர் கஃபேக்கு, ஓடி, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடினோமே, பாதி ஃப்ளாஷ் கேம்கள். அடோபி 2020 டிசம்பர் 31இல் ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. அடுத்த மாதம் 12ஆம் தேதியிலிருந்து பிளேயரே உள்ளடக்கத்தைத் திறக்க மறுத்தது. ஒரு தலைமுறையின் விளையாட்டு ஒரே நாளில் கறுப்புச் சதுரமாகிவிட்டது. தன்னார்வலர்கள் ரஸ்ட் என்ற நிரல் மொழியில், ஃப்ளாஷ் மாதிரியே வேலை செய்யும் ரஃபிள் என்ற எமுலேட்டரை எழுதினார்கள், அதனால்தான் இன்றைக்கு இன்டர்நெட் ஆர்க்கைவில் அந்தப் பழைய கேம்களைப் பிரவுசரிலேயே விளையாட முடிகிறது. செர்ன் ஆராய்ச்சி மையத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுதிய முதல் இணையப் பக்கத்துக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. வெறும் எச்டிஎம்எல், இணையப் பக்கத்தின் அடிப்படை மொழி. உங்கள் கைப்பேசியில் இப்போதே திறந்து பாருங்கள், ஒரு எழுத்து பிசகாது.

ஆகவே டெவலப்பர் நண்பர்களே, நாம் கட்டுவதும் அப்படி இருக்க வேண்டும். ஒரு சாப்பாட்டுக் கடையின் மெனுவைக் காட்ட எதற்கு ஏழு வெளி நிறுவனங்களின் ஸ்கிரிப்ட்? மேசையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டு, வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருக்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள். தோசை எவ்வளவு, பரோட்டா எவ்வளவு என்று சொல்ல ஒரு சாதாரணப் பக்கம் போதும். படங்களைச் சுருக்குங்கள். பக்கத்தைக் கைப்பேசியிலேயே சேமித்து வைக்கும் சர்வீஸ் வர்க்கர் என்ற சிறு நிரலைப் போட்டால் ஒருமுறை திறந்த பக்கம் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும்.

லிட்டில் இந்தியாவில் மசாலாப் பொருள் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் எனக்குத் தெரியும். அவருடைய இணையதளத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள் டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, தங்கள் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார்கள். அவருக்கு அது தெரியாது, வருடா வருடம் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் அவர்கள் தொழிலை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தளமும் போயிற்று, ஆன்லைன் ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளர் பட்டியலும் போயிற்று. தீபாவளி நெருங்குகிற நேரம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. புது டாட் மை (.my) டொமைனை அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் பதிந்தோம். தளம் முழுவதும் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். அதை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கணினியில், இணையத்தைத் துண்டித்துவிட்டு, பென்டிரைவைச் செருகி முதல் கோப்பை டபுள் கிளிக் செய்தார். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், விலையோடு அப்படியே வந்தது. "இனி நாளைக்கு நீ இல்லாட்டியும் ஓடும்தானே தம்பி?" என்றார். ஓடும் அண்ணே என்றேன்.

கடை வைத்திருப்பவர்கள் இந்த வீடியோவைப் பார்த்தால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் டொமைன் டாட் மை என்றால், அந்த முகவரிகளை நிர்வகிக்கும் மைநிக் தளத்தில், பதிவு விவரம் பார்க்கும் ஹூயிஸ் தேடல் இருக்கிறது. அங்கே பெயரைப் போட்டுப் பாருங்கள். பதிவு விவரம் முழுதாகத் தெரியவில்லை என்றால், கட்டிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்: பதிவு யார் பெயரில், லாகின் யார் கையில், கோப்புகளின் நகல் எங்கே? மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தயங்கினால் அடுத்த வருடத்துப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் பேசி முடியுங்கள்.

அடுத்த வீடியோவில் பழைய மடிக்கணினியில் மின்ட் நிறுவுவதை ஆரம்பத்திலிருந்து காட்டுகிறேன், தமிழ்99 அமைப்பதையும் சேர்த்து. உங்களிடம் இருக்கும் மாடலைக் கீழே எழுதுங்கள், ஓடுமா ஓடாதா என்று பார்த்துச் சொல்கிறேன். வருகிறேன்.