மானியம் கையில் வராது: ஒரு தொழில் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். மாற்றுத்திறனாளிகளின் பிழைப்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உதவித்தொகையை விட்டுவிட்டு, தையல் இயந்திரத்திலிருந்து தொடங்குகிறேன்.

கால் இயங்காதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் மோட்டார் பொருத்திய தையல் இயந்திரத்தை அரசு இலவசமாகத் தருகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறு பக்கம் ஒரு பெண்ணின் வீட்டில் அதைப் பார்த்தேன். காலால் மிதிக்கும் பெடலை மேசைமேல் ஏற்றி வைத்து, இடது முழங்கையால் அழுத்துகிறார். வலது கை துணியை நகர்த்துகிறது. தையல் அத்தனை நேர். ஆனால் வேலை? ஒரு வியாபாரி வெட்டிய துணியைக் கொண்டுவந்து போடுகிறார், நைட்டிக்கு இவ்வளவு என்று அவர் வைத்ததுதான் கூலி. கடையில் உட்கார்ந்து தைப்பவருக்கு அவரே கூடுதலாகக் கொடுக்கிறார். கேட்டால், "வீட்டுல சும்மாதானே இருக்கு, இது போதாதா?" என்கிறார். எனக்குக் கோபம் வந்த இடம் அது.

நம் மாவட்டத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பஞ்சமில்லை. தோவாளையில் பூக்கட்டு, முந்திரி ஆலையில் தோல் உரிப்பு, கடலோரத்தில் கயிறு திரிப்பு. அதில் லாபம் பார்ப்பது வேறு ஆள். அதனால்தான் சொந்தத் தொழில் பக்கம் பாருங்கள் என்கிறேன்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் 5 லட்சம் ரூபாயில் ஒரு தொழில். மற்றவர்கள் 10 சதவீதம் கைப்பணம் போட வேண்டும். மாற்றுத்திறனாளிக்கு 5 சதவீதம், அதாவது 25,000 ரூபாய். மீதி வங்கிக் கடன். மானியம் 35 சதவீதம், 1,75,000 ரூபாய். நகரம் என்றால் 25 சதவீதம். இந்த அளவுத் தொழிலுக்குப் படிப்புத் தகுதி கேட்பதில்லை.

பலர் ஏமாறுவது மானியத்தில்தான். அது கையில் வராது. 3 ஆண்டு வங்கியில் வைப்பாகக் கிடக்கும். தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள். அந்தத் தொகை அளவுக்குக் கடனுக்கு வட்டியும் கிடையாது. "மானியத்தை ரொக்கமா வாங்கித் தாறேன்" என்று எந்தத் தரகராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. நாகர்கோவில் கோணத்தில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது, நேரே போய்க் கேட்கலாம்.

போகிற வங்கி மாடியில் இருந்தால்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பொதுமக்கள் வந்துபோகும் பழைய கட்டடங்களையும் 5 ஆண்டுக்குள் மாற்றியிருக்க வேண்டும். விதிகள் வந்தது 2017இல். கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே சாய்தளம் எங்கே என்று மேலாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம், கடன் கேட்கும்போது கொடுக்கிற திட்ட அறிக்கை. இயந்திரம், துணி, மின்கட்டணம் எல்லாம் எழுதுகிறார்கள், போக்குவரத்தை விட்டுவிடுகிறார்கள். டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை, சரி. துணி மூட்டையோடு எப்படி ஏறுவது? விளவங்கோடு, கல்குளம் பக்கம் பாதி வீடுகள் மேட்டில் இருக்கின்றன, ஆட்டோ மேலே வராது. மூட்டையை இறக்கித் தர ஒருவர் வேண்டும். அவருடைய கூலி, ஆட்டோ வாடகை, ஸ்கூட்டர் பெட்ரோல் எல்லாவற்றையும் மாதச் செலவில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு எவ்வளவு கடன் தாங்கும் என்று பாருங்கள்.

நன்றி, வணக்கம்.