சுவரில் தொங்கும் அரசியின் கொடை

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய புகைப்படங்களைப் பெரிதாக அச்சிட்டு, ஃபிரேம் போட்டு, வீட்டுக்கே அனுப்பிவைக்கும் கடைகள் இப்போது இணையத்தில் நிறைய இருக்கின்றன. பிரிட்டனின் படக் காப்பகங்களுக்கு இது நல்ல வியாபாரம். கறுப்பு ஃபிரேமா, மர ஃபிரேமா, கேன்வாஸில் வேண்டுமா என்றெல்லாம் கேட்பார்கள். நீராவி ரயில், பழைய கடற்கரை, கிரிக்கெட் அணி என்று போகிற வரிசையில், வேலையில்லாத ஏழைகளுக்கு அரச குடும்பம் உதவிய காலத்துப் படங்களும் வருகின்றன. விருப்பப்பட்டால் அதே படத்தைத் துண்டு துண்டாக வெட்டிய புதிராகவும் வாங்கிக்கொள்ளலாம்.

வானொலியில் படத்தைக் காட்ட முடியாது, அதனால் சொல்கிறேன். இந்த வகைப் படங்களில் பெரும்பாலும் துணித் தொப்பியும் கசங்கிய கோட்டும் போட்ட ஆண்கள் ஒரு கூட்டமாக நிற்பார்கள். கீழே இருக்கும் குறிப்பில் கொடுத்தவர் பெயர் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்காது. கறுப்பு வெள்ளையில், நல்ல வெளிச்சத்தில், அழகாகத்தான் இருக்கும். அதை மறுக்க மாட்டேன்.

இப்படிப்பட்ட கொடைகளில் பேர்போன ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1905 நவம்பர். ஏழாம் எட்வர்ட் மன்னரின் மனைவி அலெக்சாண்ட்ரா அரசி ஒரு வேண்டுகோள் விடுத்தார். இந்தக் குளிர்காலத்தில் வேலையில்லாமல் பட்டினி கிடப்பவர்களுக்கு உதவுங்கள், பட்டியலில் முதல் தொகையாக நான் 2,000 பவுண்டு தருகிறேன் என்றார். வேண்டுகோள் லண்டனுக்கு மட்டுமல்ல, பேரரசு முழுவதற்கும். பணம் கொட்டியது. ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது.

சரி, அரசிக்கு அந்த நவம்பரில் ஏன் அப்படித் தோன்றியது? அந்த மாதத் தொடக்கத்தில் கிழக்கு லண்டனிலிருந்து ஒரு ஊர்வலம் கிளம்பியது. வேலையிழந்தவர்களின் மனைவிமார், ஆயிரக்கணக்கில், சிலர் கைக்குழந்தையோடு, பிரதமர் பால்ஃபோரைப் பார்க்க நடந்தே போனார்கள். பாப்லர் பகுதியின் வில் குரூக்ஸ், ஜார்ஜ் லான்ஸ்பரி போன்ற தொழிலாளர் தலைவர்கள் துணைக்கு நின்றார்கள். அந்தப் பெண்கள் சோறு கேட்கவில்லை, புருஷனுக்கு வேலை கேட்டார்கள். பிரதமர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். கையில் எதுவும் கொடுக்கவில்லை.

அவர் கொடுக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு, அதுதான் இந்தக் கதையில் சுவையான இடம். அதே ஆண்டு ஆகஸ்டில் அவருடைய அரசுதான் வேலையற்ற தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. லண்டன் பகுதிகளிலும் பெரிய நகரங்களிலும் குழுக்கள் அமைத்து, வேலையில்லாதவர்களைப் பதிந்து, தற்காலிக வேலை தர வேண்டும் என்பது சட்டம். அலுவலகம் நடத்தலாம், நிலம் வாங்கலாம், குடும்பத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கலாம்; இதற்கெல்லாம் உள்ளூர் வரிப் பணத்தைத் தொடலாம். ஆனால் வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்க மட்டும் வரிப் பணத்தில் கை வைக்கக் கூடாது! கூலி நன்கொடையிலிருந்துதான் வர வேண்டும். நன்கொடை வரவில்லை என்றால்? சட்டம் இருக்கும், குழு இருக்கும், பதிவேடு இருக்கும், கூலி மட்டும் இருக்காது.

அந்த ஓட்டையைத்தான் அரசியின் நிதி அடைத்தது. படத்தைப் பார்க்கிறவருக்கு அரசியின் இரக்கம் தெரிகிறது, நாடாளுமன்றம் வேண்டுமென்றே விட்டுவைத்த ஓட்டை தெரியவில்லை. அரசியின் மனசை நான் குறை சொல்லவில்லை. இரக்கம் உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த இரக்கத்துக்கு இடம் உண்டானது ஒரு சட்டப் பிரிவால்.

வாங்கியவர்களும் சும்மா வரிசையில் நின்று வாங்கிவிடவில்லை. ஒழுக்கமானவனா, அந்த ஊரில் எத்தனை மாதம் குடியிருக்கிறான், இதற்கு முன் ஏழை நிவாரணம் வாங்கியிருக்கிறானா என்று துருவிய பிறகுதான் வேலை. ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஏழை நிவாரணம் வாங்கியவர்களுக்கு அன்றைக்கு ஓட்டுரிமை போய்விடும், இந்தச் சட்டத்தின் கீழ் வேலை வாங்கியவர்களுக்குப் போகாது. லண்டனிலிருந்து சிலரை சஃபோக் மாவட்டத்துக் கடலோரத்தில் ஹோலஸ்லி பே என்ற பண்ணைக்கு அனுப்பி மண்வெட்டி கொடுத்தார்கள். அந்த இடம் பின்னாளில் இளங்குற்றவாளிகளுக்கான சீர்திருத்தப் பள்ளியாகி, இப்போது சிறைச்சாலையாக இருக்கிறது.

அலெக்சாண்ட்ராவின் கொடை வரலாற்றில் நம்மவர்களுக்கும் ஒரு மூலை இருக்கிறது. அவர் இளவரசியாக இருந்த 1897-இல், விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காக லண்டன் ஏழைகளுக்கு மாபெரும் விருந்து வைக்க நிதி திரட்டினார். போதிய பணம் சேரவில்லை. அப்போது 25,000 பவுண்டு கொடுத்துக் காப்பாற்றியவர் தாமஸ் லிப்டன், ஆமாம், தேயிலை லிப்டன்தான். அடுத்த ஆண்டு அவருக்கு சர் பட்டம் வந்தது. அவருடைய மளிகைக் கடைகளும் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களும் சேர்ந்து ஈட்டிய பணம் அது. அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் ஆட்கள். லண்டன் விருந்துப் படத்தின் குறிப்பில் அவர்களுக்கு எங்கே இடம்?

இந்தப் படங்களைச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டால், எனக்கு உடனே தாது வருஷப் பஞ்சம்தான் நினைவுக்கு வருகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களை உட்கார வைத்து, ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படம் எடுத்தார். அதை யாராவது நம் வீட்டுக் கூடத்தில் மாட்டுவோமா? மாட்ட மாட்டோம். பாட்டனுக்குப் பாட்டன் அதில் இருக்கலாம் என்று நமக்குத் தெரியும். துணித் தொப்பிக்காரர்களுக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு, என்ன, பார்க்கிறவருக்கு அது உறைப்பதில்லை.

அதற்காக இவற்றை மூடிப் பூட்ட வேண்டும் என்பதில்லை. நூலகத்தில், பள்ளிக்கூடத்தில், தொழிற்சங்க அலுவலகத்தில் பெரிதாக மாட்டுங்கள். குறிப்பை மட்டும் நீட்டி எழுதுங்கள்: பெண்கள் ஊர்வலம் போனது, கூலிக்கு வரிப் பணம் கூடாது என்ற சட்டம், அடுத்த ஆண்டு புதிய லிபரல் அரசு இதற்கென்று 2 லட்சம் பவுண்டு ஒதுக்கியது, 1911-இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்து சில தொழில்களில் வேலையிழந்தவருக்கு வாரம் 7 ஷில்லிங் உரிமையாகக் கிடைத்தது. இத்தனையும் நாலு வரியில் அடங்கும்.

வீட்டுக்குத்தான் வேண்டும் என்றால், அந்தக் காலத்து வேலையில்லாதோர் ஊர்வலங்களின் படங்களும் இதே கடைகளில் இருக்கின்றன. நான் வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். வணக்கம்.