இருட்டுக்கு எத்தனை ஆம்பியர்?

(குறும்பட இயக்குநர்களுக்கான பயிற்சி முகாமின் நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாக வாழ்த்துரை வழங்கிய பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, இந்த அரங்கத்தை வாடகை வாங்காமல் தந்துதவிய கல்லூரித் தாளாளர் ஐயா அவர்களே, மின்வாரியத்திலிருந்து வந்திருக்கும் உதவிப் பொறியாளர் அவர்களே (தங்கள் வருகைக்குத் தனியாக ஒரு நன்றி, காரணம் போகப் போகத் தெரியும்), நான்கு நாளும் நேரம் தவறாமல் சாப்பாடு போட்ட சமையல் குழுவினரே, எதிரே அமர்ந்திருக்கும் இளம் இயக்குநர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய வீட்டை மாற்றிக் கட்டிய விருந்தினர் விடுதியில், கையில் இருக்கும் காசுக்குள் ஒரு பேய்ப்படம் எடுப்பது எப்படி? இதுதான் தலைப்பு. இடம், ஒலி, ஒளி என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன்.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.’ பேய்ப்படத்துக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடையாது. பேயை நாம் செய்ய வேண்டியதில்லை, பார்ப்பவன் செய்துகொள்வான். நாம் செய்ய வேண்டியது இரண்டு. அவனை அரள வைக்க வேண்டும், இருட்டைச் சரியாக வைக்க வேண்டும்.

இதைத் தொழிலாகவே செய்து காட்டியவர்கள் பம்பாயின் ராம்சே சகோதரர்கள். ஏழு பேர். அப்பா எஃப்.யு.ராம்சே ரேடியோ கடை வைத்திருந்தவர், பிறகு படம் எடுக்க வந்தார். 1970இல் அவர் எடுத்த ‘ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ’ ஓடவில்லை. கடன்தான் மிச்சம். ஆனால் மகன்கள் துளசியும் ஷியாமும் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். படத்தில் ஒரு காட்சி. பிருத்விராஜ் கபூர்! எப்பேர்ப்பட்ட நடிகர்! கோரமான முகமூடி மாட்டிக்கொண்டு அருங்காட்சியகத்தில் திருட வருகிறார். அந்த உருவத்தைப் பார்த்தாலே குலை நடுங்கும். போலீஸ் சுடுகிறது, குண்டு பாயவில்லை. சனங்கள் அந்த ஒரு காட்சிக்காகவே வருகிறார்கள், அது முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள்! பிள்ளைகள் அப்பாவிடம் வந்து, ‘அந்தக் காட்சியையே ஒரு முழுப் படமாக எடுப்போம்’ என்றார்கள். நஷ்டப்பட்ட வீட்டில் அந்தப் பேச்சு எடுபட்டது. அதுதான் பெரிய விஷயம்.

1972இல் ‘தோ கஜ் ஜமீன் கே நீச்சே’ வந்தது. எங்கே எடுத்தார்கள்? மகாபலேஷ்வரில், ஓர் அரசு விருந்தினர் விடுதியில். ஆட்களையும் சாமான்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கங்கு கேமரா, கிரண் ஒலி, குமார் எழுத்து, அர்ஜுன் படத்தொகுப்பு, துளசியும் ஷியாமும் இயக்கம். வேலைக்கு ஆள் வெளியே தேடவில்லை. நாற்பது நாள், மூன்றரை லட்சம் ரூபாய் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். தங்கும் இடமே படம் எடுக்கும் இடம். செட் செலவும் இல்லை, தினமும் போய்வரும் போக்குவரத்தும் இல்லை. இன்றும் நமக்கு விடுதி கட்டுப்படியாவதற்கு அதே கணக்குதான் காரணம்.

இடத்தைப் பற்றி இவ்வளவு போதும். ஒலிக்கு ஒரே வார்த்தை: ஃபிரிட்ஜையும் நீரேற்றும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் படத்தொகுப்பில் வசனத்துக்கு நடுவே ஓட்டை விழும்.

ஒளிக்கு வருகிறேன். வந்ததே இதற்காகத்தான்.

மாற்றிக் கட்டிய வீடு என்றால் என்ன? நாலு பல்பும் இரண்டு மின்விசிறியும் ஓடுவதற்காக ஒயர் இழுத்த வீடு. பிறகு பிளைவுட் தடுப்பு வைத்து அறைகளைப் பிரித்தார்கள், ஒவ்வோர் அறைக்கும் கீசர், ஏசி. சுவருக்கு மேலே எல்லாம் புதுசு, சுவருக்குள்ளே பல இடங்களில் ஒயர் பழசு. அங்கே நாம் போய் ஓராயிரம் வாட் டங்ஸ்டன் விளக்கு இரண்டைச் சொருகுகிறோம். 230 வோல்ட்டில் ஒன்றுக்கு 4.3 ஆம்பியர், இரண்டுக்கு 8.7. சாதாரண லைட் சர்க்யூட்டின் எம்.சி.பி., அதாவது மின்சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச், பெரும்பாலும் 6 ஆம்பியர். விழுந்துவிடும். இரண்டாம் தடவை போட்டாலும் விழும். கால்ஷீட் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது யாராவது ஒருவர், ‘எம்.சி.பி.யை விடு, பழைய ஃபியூஸ் கட்டையில் கொஞ்சம் தடிமனான கம்பியைக் கட்டுப்பா’ என்பார். அந்த நிமிடத்திலிருந்து சூடு ஃபியூஸில் ஏறாது, சுவருக்குள் இருக்கும் ஒயரில் ஏறும். மேலே மரக்கூரை. ஜன்னலில் பகலை ராத்திரியாக்க நாம் கட்டிய கருப்புத்துணி. வெளியேறும் கதவையும் அதே துணியால் மூடியிருப்போம்.

அதோடு, பேய்ப்படத்தில் தண்ணீர் வராமல் இருக்காது. குளியலறை, மழை, நனைந்த பாதம். புகை மெஷின் கிளைக்கால் என்ற திரவம் கலந்த நீரைச் சூடாக்கித்தான் புகை விடுகிறது, அந்தப் படலம் தரையில் இறங்கினால் மொசைக் வழுக்கும். விளக்கின் இரும்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு லைட்மேன் வெறுங்காலோடு நிற்கிறார். பிளக்கில் எர்த் பின் இருக்கிறதா? சாக்கெட்டில் நுழையவில்லை என்று பலர் உடைத்துவிட்டிருப்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். அந்த இருட்டில் எர்த் இல்லாத ஒயர் யார் கண்ணுக்கும் தெரியாது.

2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லி அருகே ஒரு பெரிய படத்தின் தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அவ்வளவு வசதியிருந்த இடத்திலேயே அப்படி என்றால், பத்துப் பேர் யூனிட்டில் யார் யாரைப் பார்ப்பது?

செய்ய வேண்டியது இதுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துப்போய் மீட்டரிலிருந்து எந்த அறைக்கு எந்த சர்க்யூட் என்று தாளில் வரையச் சொல்லுங்கள். எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நம் விளக்குகள் எல்லாம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் பொருத்திய தனிப் பலகை வழியாகத்தான் போக வேண்டும். மனித உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் நொடியின் சிறு பகுதிக்குள் அது துண்டித்துவிடும். அதன் விலை யூனிட்டின் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கும். முடிந்தவரை எல்.இ.டி. எடுங்கள். 300 வாட் விளக்கு 1.3 ஆம்பியர்தான் இழுக்கும், நடு ராத்திரி வராந்தாவுக்கு அந்த வெளிச்சம் தாராளம். பெரிய விளக்கு கட்டாயம் வேண்டுமென்றால் ஜெனரேட்டர்தான், வீட்டு மின்சாரம் கூடாது. புகை டிடெக்டரை அணைத்தால், தீயணைப்பானோடு ஓர் ஆள் அங்கேயே நிற்க வேண்டும், திரும்பப் போடுவதும் அவர் பொறுப்பு. மெயின் சுவிட்ச் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இந்த ஷாட் வேண்டாம்’ என்று லைட்மேன் சொன்னால் ஷாட் கிடையாது. சம்பளம் குறையாது. இதை வாய்வார்த்தையாக வைக்காதீர்கள், விடுதி உரிமையாளரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். அரண்டவன் கண்ணுக்குத்தான் இருண்டதெல்லாம் பேய், அரள வேண்டியவன் பார்வையாளன். விளக்கு பிடிக்கிறவன் அரண்டு நிற்கக் கூடாது.

விழாத் தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு இந்த விழாவுக்குப் படம் அனுப்புகிறவர்களிடம் படத்தோடு ஒரு தாளையும் கேளுங்கள்: சர்க்யூட் வரைபடம், எர்த் சோதித்த எலக்ட்ரீஷியனின் கையெழுத்து, லைட்மேனின் கையெழுத்து. தாள் இல்லாத படத்தைப் போட்டியில் சேர்க்க வேண்டாம். மாதிரித் தாள் ஒன்றைத் தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறேன். உதவிப் பொறியாளர் ஐயா மேடையிலேயே பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாயிலில் நூறு பிரதிகள் இருக்கின்றன, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.