படத்தில் இருப்பவரே முதல் பார்வையாளர்

(ஆவணப்படத் திரையிடலும் ஒளிப்படக் கண்காட்சியும் நடத்தக் கிளம்பும் ஏற்பாட்டாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் கையில் நல்ல படங்கள் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள், கருவாடு காயவைக்கும் பெண்கள், உப்பளத்தில் வெயிலோடு நிற்கும் பெண்கள். இவற்றைச் சென்னையில் ஏசி போட்ட கூடத்தில் மாட்டுவது பெரிய காரியமில்லை. அந்தப் பெண்கள் வேலை முடிந்து வந்து தங்கள் ஊரிலேயே நின்று பார்க்கும்படி செய்வதுதான் கடினம். எந்த விளக்கை எங்கே வைப்பது, படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது என்ற சின்ன விஷயங்களில்தான் அது கைகூடும், அல்லது கெட்டுப்போகும். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஜப்பானுக்குப் போய்வருவோம். மினமாட்டா என்ற ஊரில் சிஸ்ஸோ நிறுவனத்தின் வேதித் தொழிற்சாலை கடலில் விட்ட கழிவில் மெத்தில் பாதரசம் இருந்தது. அது மீனில் ஏறியது, மீன் தின்றவர்களின் நரம்புகளைத் தாக்கியது. 1956இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. கருவுற்ற தாய் தின்ற மீனிலிருந்த நஞ்சு, நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போனது. அப்படிப் பிறந்த ஒரு மகளைத் தாய் குளியல் தொட்டியில் ஏந்தியிருக்கும் படத்தை 1971இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித் எடுத்தார். மினமாட்டா என்றால் உலகத்துக்கு அந்தப் படம்தான். 1977இல் அந்த மகள் இறந்துபோனாள். அதன் பிறகும் படம் ஓயாமல் அச்சாகிக்கொண்டே இருந்தது. மகளை இனியாவது நிம்மதியாக இருக்கவிட வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். ஸ்மித்தோடு அங்கே தங்கிப் படமெடுத்த ஐலீன் ஸ்மித், பதிப்புரிமை தன் கையில் இருந்தபோதும், 1998இல் அந்தப் படத்தைப் பற்றிய முடிவைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். அந்த மகளின் பெயரை இங்கே நான் சொல்லாமல் விடுவதும் அதனால்தான்.

அதே மினமாட்டாவில் இன்னொன்றும் நடந்தது. ஆவணப்பட இயக்குநர் நோரியாகி சுச்சிமோட்டோ, 1977இல் படச்சுருளையும் புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு ஷிரானுய் கடலோர மீனவர் ஊர்களுக்கெல்லாம் மாதக்கணக்கில் போனார். உலகத்துக்குத் தெரிந்த நோய், அதே கடலின் மீனைத் தின்ற பக்கத்து ஊர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. படம் யாரைப் பற்றியதோ அவர்களிடம் அதைக் கொண்டுபோவது பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அவர்களுக்குச் சேர வேண்டிய தகவல்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே அந்தத் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பெயர் சொல்லிப் பாசி எடுத்துவந்தார்கள். பூங்கா எல்லைக்குள் அனுமதியின்றிப் போவது இப்போது குற்றம். இதைத் தெரியாமல் கேமராவைத் தூக்கக் கூடாது. முகம் தெளிவாகத் தெரிகிறது, கையில் பாசி இருக்கிறது, பின்னால் தீவின் கரை தெரிகிறது என்றால், பார்க்கிறவருக்கு அது அழகான படம். அந்தப் பெண்ணுக்கு அது தனக்கு எதிரான சாட்சி. செல்பேசியில் எடுத்த படமென்றால் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூடக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கலாம். இணையத்தில் ஏற்றும் முன் அந்தத் தகவலை அழித்தே தீர வேண்டும். அச்சுப்படத்தில் அது வராது, ஆனால் பின்னணியில் இருக்கும் தீவு வரும்.

ஆகவே சம்மதத்தை ஒரே தடவை கேட்டு முடித்துவிடாதீர்கள். எடுக்கும்போது ஒரு முறை. தேர்ந்தெடுத்த பிறகு, அச்சிட்ட சிறு பிரதியைக் கையில் கொடுத்து ஒரு முறை. வேறு ஊருக்கோ இணையத்துக்கோ கொண்டுபோகும் முன் இன்னொரு முறை. இந்த இரண்டாவது முறையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். சேலைமேல் சட்டை போட்டுக் கடலுக்குள் இறங்கும் பெண், நனைந்த உடையோடு கரையேறும் படத்தைத் தன் ஊர்க்காரர்கள் முன்னால் மாட்டச் சம்மதிப்பாரா? கேமராவின் சின்னத் திரையில் பார்த்துவிட்டு அவரால் சொல்ல முடியாது. பிரதியைக் கையில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் சொல்வார். அதற்கு ஒரு வாரமாவது விடுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று குடையாதீர்கள்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். பாசி எடுக்க மாதத்தில் 12 நாள்தான் என்று அந்தப் பெண்களே கூடிக் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். இரும்புக் கருவி போட்டுச் சுரண்டுவதில்லை, கையால்தான் எடுப்பது என்பதும் அவர்கள் முறை. பாசியெடுக்கும் பெண்களை ஒன்றுதிரட்டிய சின்னப்பாலம் ஊர் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது. அந்த 12 நாளில் திரையிடல் வைத்தால் கூட்டம் வராது, வந்தாலும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். முதலில் பெண்கள் சங்கத்தில் கேட்டு நாளைக் குறியுங்கள், அதற்குப் பிறகு மண்டபத்தைப் பாருங்கள். நேரமும் அப்படித்தான். மாலை ஆறு மணி நமக்குத் தோது. அவர்களுக்கு அது தண்ணீர் பிடிக்கிற, அடுப்பு மூட்டுகிற நேரம். திறந்தவெளியில் சூரியன் மறைந்து அரை மணி நேரமாவது ஆகாமல் திரையில் கறுப்பு கறுப்பாகத் தெரியாது. ஏழரை மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் பேச்சையும் சேர்த்து முடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் இடமில்லை. தொண்ணூறு நிமிடப் படம் இதற்குள் அடங்காது. முப்பது, நாற்பது நிமிடப் படம் ஒன்று போதும். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று இருக்கிறதா, படம் எடுத்தவர் எழுத்தில் அனுமதி தந்திருக்கிறாரா என்பதை நாள் குறிக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லூமன் கணக்கை, அதாவது வெளிச்ச அளவை, நம்பாதீர்கள். பொதுவான தர முறைப்படி அளந்த 'ஆன்சி லூமன்' எவ்வளவு என்று கேளுங்கள். 12 அடி அகலத் திரைக்கு, இருட்டில், 3,500 ஆன்சி லூமன் இருந்தால் படம் தெளிவாக விழும். பக்கத்தில் தெருவிளக்கு எரிந்தால் அதுவும் பத்தாது. ஊராட்சியில் முன்கூட்டியே சொல்லி அந்த ஒரு விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் திரையை 8 அடிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். மங்கலான பெரிய படத்தைவிடப் பளிச்சென்ற சின்னப் படம் மேல். சாதாரண லென்ஸ் என்றால் திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். 12 அடித் திரைக்கு 18 அடி. அந்த 18 அடிக்குள்தான் குழந்தைகள் ஓடுவார்கள். அதனால் மேசையைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், வயரைத் தரையோடு ஒட்டுங்கள்.

கடற்கரையில் திரைக்கு எமன் காற்றுதான். 12க்கு 7 அடித் துணி காற்றுப் பிடித்தால் அது பாய்தான், மூங்கிலையே பிடுங்கிக்கொண்டு போகும். முடிந்தவரை புயல் பாதுகாப்பு மையத்தின் சுவரை முதுகாக வைத்துக் கட்டுங்கள். துணியின் ஓரத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு வளையம் அடித்து, கயிற்றுக்குப் பதில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினால், காற்று அடிக்கும்போது நெகிழ்ந்து கொடுக்கும், கிழியாது. திரைக்குப் பின்னால் கறுப்புத் துணி வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் ஊடுருவிப் படம் வெளிறிப்போகும். பாயில் உட்காருபவர்களுக்குத் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருந்தால்தான் முன்வரிசைத் தலைகள் மறைக்காது.

மின்சாரம் போவதைக் கணக்கில் வைத்தே வேலை செய்யுங்கள். பல்பு வகைப் புரொஜெக்டர் ஓடும்போது மின்சாரம் சட்டென்று போனால் விசிறி நின்றுவிடும், சூடான பல்பு ஆறாமல் கெட்டுப்போகும். ஒரு சின்ன யுபிஎஸ்ஸைப் புரொஜெக்டருக்கு மட்டும் போட்டால் முறையாக அணைக்க அவகாசம் கிடைக்கும். புரொஜெக்டர், ஒலிபெருக்கி இரண்டுக்கும் 2 கேவிஏ ஜெனரேட்டர் போதும். அதைக் கட்டடத்துக்குப் பின்னால் நூறடி தள்ளி வையுங்கள், பக்கத்தில் வைத்தால் படத்தில் பேசுகிற பெண்ணின் குரலை அது தின்றுவிடும்.

குரல் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வேற்றுமொழிப் படத்துக்குத் தமிழில் துணைத்தலைப்பு போட்டுவிட்டோம் என்று நிம்மதி அடையாதீர்கள். வந்திருக்கும் பாட்டிகளில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் பத்தடி தள்ளி உட்கார்ந்து ஓடும் எழுத்தைத் துரத்துவது சிரமம். ஊரிலேயே நன்றாகப் பேசும் ஒரு பெண்ணை வைத்து, அந்த வட்டாரப் பேச்சிலேயே வசனத்தைப் பதிவு செய்யுங்கள். மூலக் குரல் ஓரிரு விநாடி தனியாகக் கேட்கட்டும், பிறகு அதைச் சுமார் 12 டெசிபல் இறக்கி அதன்மேல் தமிழை வையுங்கள். மூலக் குரலை முற்றிலும் அழித்துவிட்டால் திரையில் அழுகிற பெண் வெறும் வாயசைப்பாகிவிடுவாள். நாற்பது நிமிடப் படத்துக்கு இது இரண்டு நாள் வேலை. செலவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன். குறைக்க வேண்டிய செலவு மேடை அலங்காரம்.

இனி ஒளிப்படங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சுக்குக் கொடுத்து ஏமாறாதவர்கள் குறைவு. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நீளப்பக்கம் சுமார் 1,600 புள்ளிதான் (பிக்சல்) மிஞ்சும். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது. முகம் சோப்பு போல வழவழவென்று ஆகிவிடும். 12க்கு 18 அங்குல அச்சுக்கு நீளப்பக்கம் 4,300 புள்ளி அளவுக்கு இருந்தால் அருகே போய்ப் பார்த்தாலும் தாங்கும். மூலக் கோப்பைப் பென்டிரைவில் வாங்குங்கள், அல்லது ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம். டியூப்லைட் அதில் கோடாக விழும், பார்ப்பவர் தன் முகத்தைத்தான் பார்ப்பார். மேட் தாள் எடுங்கள். கடல் மாசைப் பற்றிய கண்காட்சியைப் பிளெக்ஸில் அச்சிடுவது எனக்கு ஒப்பவில்லை, அது பிவிசி பிளாஸ்டிக். பருத்தித் துணியில் அச்சிட்டு மேலும் கீழும் மூங்கில் குச்சி கோத்தால் சுருட்டி அடுத்த ஊருக்கு எடுத்துப்போகலாம். நிறம் தாளைவிடச் சற்று மங்கும், அவ்வளவுதான்.

மாட்டும் உயரம். கலைக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி 57 முதல் 60 அங்குலத்தில் இருக்கும்படி மாட்டுவது வழக்கம். நம் பெண்களின் உயரத்துக்கு அது அதிகம், கழுத்தை நிமிர்த்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். 54 அங்குலத்துக்கு இறக்குங்கள். இடுப்பில் குழந்தையோடு வருபவரும் கூன் விழுந்த பாட்டியும் நின்று பார்ப்பார்கள். மரத்துக்கு மரம் கயிறு கட்டினால் நடுவில் தொய்ந்து, நடுப்படங்கள் முழங்கால்வரை இறங்கிவிடும். பத்தடிக்கு ஒரு கம்பு நடுங்கள்.

படவிளக்கம் எழுதுவதில்தான் நம் மனம் தெரிந்துவிடும். ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு கைகள் மட்டும். விரல் ஒவ்வொன்றிலும் கிழித்த துணி சுற்றி, நூலால் இறுக்கியிருக்கிறது. நகக்கண்ணில் உப்புப் பூத்திருக்கிறது. இதன் கீழே 'உழைக்கும் கரங்கள்' என்று எழுதினால் பார்க்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. அது எந்தச் சேலையில் கிழித்த துணி, பாறையில் எந்த இடத்தில் விரல் கிழிகிறது, ரப்பர் உறை போட்டால் ஏன் பிடி கிடைப்பதில்லை என்று அந்தக் கைக்குரியவரிடம் கேளுங்கள். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் சொன்னபடியே போடுங்கள். அவர் சம்மதித்தால் பெயர், ஊர், எடுத்த மாதம். நாற்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். எழுத்து 30 பாயின்ட். யூனிகோடு எழுத்தை அச்சகத்தின் பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி, 'கொண்டல்' வேறு ஏதோவாகிவிடும். அதனால் பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்து, ஒரு பிரதி அடித்து, தமிழ் படித்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே மொத்தத்தையும் அச்சிடச் சொல்லுங்கள். பேர் தப்பாக அச்சானால் அந்தப் பெண்ணிடம் எந்த மன்னிப்பும் எடுபடாது.

கேமராவை அவர்கள் கையிலேயே கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னானில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் 62 கிராமத்துப் பெண்களிடம் கேமரா கொடுத்தார்கள். வெளியாட்கள் தேடிவந்து எடுத்திருக்க முடியாத படங்கள் வந்தன. தாய்மார் வயலில் நிற்க, பிள்ளைகள் பார்த்துக்கொள்ள ஆளின்றி இருந்தது படத்தில் தெரிந்தது. குழந்தைக் காப்பகம் பற்றிய பேச்சு அதிகாரிகள்வரை போனது. ஆனால் படமெடுக்கக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்தினால் பயனில்லை. எடுத்த படங்களை விரித்துப்போட்டு, எது வேண்டும், ஏன் என்று அவர்களே உட்கார்ந்து பேச இரண்டு, மூன்று அமர்வுகள் வேண்டும்.

படம் முடிந்ததும் ஒலிவாங்கியை நீட்டாதீர்கள். நீட்டினால் முதலில் எழுபவர் ஊர்ப் பெரியவராக இருப்பார், அதோடு பெண்கள் பேச்சு முடிந்துவிடும். எட்டு, பத்துப் பேராக வட்டமாக உட்காரச் சொல்லுங்கள், வட்டத்துக்கு ஒரு பெண் பேச்சைத் தொடங்கிவைக்கட்டும். 'படம் எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்பார்கள். 'இதில் எது தப்பாகக் காட்டப்பட்டிருக்கிறது?' என்று கேளுங்கள். பாசியின் பெயரிலிருந்து காற்றின் திசைவரை திருத்துவார்கள். அதை ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். தவறான படவிளக்கத்தை அந்த இடத்திலேயே பேனாவால் அடித்துத் திருத்துங்கள், மறு அச்சுவரை காத்திருக்க வேண்டாம்.

கழற்றும்போது அவசரப்படாதீர்கள். இரவுப் பனியில் துணியும் தாளும் ஈரமேறியிருக்கும். அப்படியே சுருட்டினால் மறுநாளே பூஞ்சை பிடிக்கும், காலை வெயிலில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். கண்காட்சிக்கு அச்சிடும்போதே ஒவ்வொரு படத்திலும் ஒரு பிரதி கூடுதலாக அடித்து வைத்திருங்கள். பின்பக்கம் பெயரும் தேதியும் பென்சிலால் எழுதி, ஊரை விட்டுக் கிளம்பும் முன் படத்தில் இருப்பவர் வீட்டுக்கு நேரில் போய்க் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.