சலம் போவதில் சிக்கலா? யூரோலஜிஸ்ட்டிடம் எப்போது போக வேண்டும்?

[காட்சி: திருக்கடலூர்க் கரை. காலை பத்து மணி வெயில். போட் ஒன்றைக் கரையேற்றுகிறார்கள்.]

விடிய முன்னம் கடலுக்குப் போன போட் இது. மூன்று பேருக்கும் சேர்த்துக் கொண்டுபோனது ஒரு போத்தல் தண்ணீர். இந்த வெயிலில் அது எந்த மூலைக்கு? சலம் பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிடும். அதில் செறிந்த உப்புகள் மெல்ல மெல்லப் படிந்துதான் சிறுநீரகத்தில் கல் உண்டாகிறது.

கல் சிறுநீரகத்துக்குள் கிடக்கும்வரை பெரும்பாலும் தெரியாது. சிறுநீர்க்குழாயில் இறங்கினால்தான் ஆட்டம். விலாவின் பின்பக்கம் பிடித்து, கவட்டுப் பக்கம் இறங்கும் வலி. படுக்கவும் முடியாது, இருக்கவும் முடியாது. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறும். பெரிய கல்லை வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்தோ, சலப்பாதை வழியாகக் கமரா விட்டு லேசராலோ உடைப்பார்கள். வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கல் உடைப்பவர்தான் யூரோலஜிஸ்ட்; சிறுநீரகம், சலப்பை, சலப்பாதை நோய்களைப் பார்க்கும் சத்திரசிகிச்சை வைத்தியர். டயாலிசிஸ் பார்ப்பவர் நெப்ரோலஜிஸ்ட். இரண்டு பேரும் ஒன்றென்று நினைத்துக் கிளினிக் மாறிப் போகிறவர்கள் உண்டு.

[காட்சி: கொழும்பு பஸ்.]

அறுபது தாண்டிய அப்பாமாரைக் கவனித்திருக்கிறீர்களா? பஸ் ஏற முன்னமே, "தம்பி, ஹபரணையில நிப்பாட்டுவீங்களோ?" என்று கேட்பார்கள். சலப்பைக்குக் கீழேயுள்ள புரொஸ்டேட் சுரப்பி வீங்கி, சலப்பாதையை நெரிக்கிறது. இரவில் நாலைந்து தரம் எழும்புவது, முக்கினாலும் நூல்போலப் போவது எல்லாம் அதனால்தான். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. பலருக்குக் குளிசையே போதும்.

பெண்களும் போக வேண்டிய இடம்தான் யூரோலஜி கிளினிக். அடிக்கடி சலக்கடுப்பு, இருமினால் சலம் கசிவது இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது.

பையன்களுக்கு ஒன்று. திடீரென விதையில் கடும் வலி வந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வெட்கத்தில் அம்மாவிடம் சொல்லாமல் விடியும்வரை படுத்திருப்பதுதான் நடக்கிறது.

இதுவரை சொன்னதில் பலதும் வலித்தோ அரித்தோ ஆளை எழுப்பிவிடும். எனக்குப் பயம் வலிக்காததில்தான். சலத்தில் ஒரு தரம் ரத்தம் போகிறது, வலி இல்லை, மறுநாள் தெளிந்துவிடுகிறது. சூடு என்று இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடுவோம். சலப்பைப் புற்றுநோய் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். சிகரெட், பீடி குடிப்பவர்களுக்கு ஆபத்து கூட. முதல்நாள் பீட்ரூட் சாப்பிட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் சலத்தைச் சிவப்பாக்கும். சாப்பிடவில்லையென்றால், தெளிந்த பிறகும் போய்க் காட்டுங்கள்.